விசைப்படகு இன்ஜினில் ஆயில் ஃபில்டரை இடம் மாற்றுவது, பைபாஸ் ஃபில்டர் சேர்ப்பது: கம்பெனி புத்தகத்தை எவ்வளவு தூரம் மீறலாம்?

நாகை_லாஞ்சு:

எல்லாருக்கும் வணக்கம். தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை படகு ஜெட்டியில்தான். இந்த 61 நாளை விட்டால் இன்ஜினில் கை வைக்க நேரம் கிடைக்காது என்பதால் உங்கள் யோசனை கேட்டு எழுதுகிறேன்.

படகில் இருப்பது ஆறு சிலிண்டர் டர்போ டீசல். லாரி இன்ஜினைக் கடலுக்கு ஏற்றபடி கம்பெனியே மாற்றி விற்ற வகை. ஆயில் ஃபில்டர் இடப்பக்கம், மரச்சட்டத்துக்கு ஒரு சாண் தள்ளித் தலைகீழாகத் தொங்குகிறது. கை நுழையாது. கழற்றினால் ஆயில் முழுக்க படகின் அடிப்பள்ளமான பில்ஜில் கொட்டும். அதனாலேயே பசங்க ஃபில்டர் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்புறம் இன்னொரு தொல்லை: சூடானதும் ஸ்லோ ஸ்பீடில் ஆயில் பிரஷர் முன்பைவிடக் குறைவாக நிற்கிறது.

நான் நினைத்திருப்பது இதுதான். ஃபில்டரை ஹோஸ் போட்டு ஏணிப்படி பக்கம் கொண்டுவந்துவிடலாம். கூடவே ஒரு பைபாஸ் ஃபில்டர் (ஆயிலில் ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து நுணுக்கமாக வடிகட்டித் திருப்பி அனுப்புவது) வைத்து, ஆயில் மாற்றுவதை 250 மணி நேரத்திலிருந்து 500 ஆக்கலாம். பிரஷருக்கு 15டபிள்யூ-40க்குப் பதில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றலாம். கம்பெனி புத்தகத்தில் இதில் எதுவுமே இல்லை. செய்யலாமா?

காசிமேடு_பட்டறை:

தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஃபில்டரை வெளியே எடுத்துவைப்பது இங்கே வாடிக்கையாகச் செய்கிற வேலை. கைக்கு எட்டாத ஃபில்டரை யாரும் மாற்ற மாட்டார்கள், அதுதான் இன்ஜினைக் கெடுக்கிறது. இரண்டு ஹோஸ், ஃபில்டரை மாட்ட ஒரு ஹெட், ஒரு பிராக்கெட், ஒரே நாளில் முடிந்துவிடும்.

பிரஷருக்கு ஆயிலைக் கெட்டியாக்குவதோடு ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் போட்டுப் பாருங்கள். கேஜ் ஏறிவிடும்.

ஓய்வுபெற்ற_சீஃப்:

வாஷர் விஷயத்தில் பட்டறைக்காரர் சொல்வதை ஏற்க முடியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரிலீஃப் வால்வு எப்போது திறக்கும்? பிரஷர் அதற்கு வைத்த அளவைத் தாண்டும்போதுதான். சூடான ஸ்லோவில் பிரஷர் 1 பாரைச் சுற்றி இருக்கும்போது அந்த வால்வு இறுக மூடியிருக்கிறது. ஏற்கெனவே தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடுவது போலத்தான் அந்த வாஷர். ஸ்லோவில் கேஜ் ஒரு கோடுகூட ஏறாது. காலையில் ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது, ஆயில் கெட்டியாக இருக்கும்போதுதான் அந்த வாஷர் வேலை செய்யும். பிரஷர் கட்டுக்கு மேலே போகும், ஃபில்டரின் ரப்பர் சீல் பிதுங்கும், பம்ப்பை ஓட்டும் கியருக்குச் சுமை கூடும். நீங்கள் தேடுகிற இடத்தில் பலன் இல்லை, தேவையே இல்லாத இடத்தில் கெடுதல்.

சூட்டில் பிரஷர் குறைந்தால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆயில் நீர்த்துப்போயிருக்கலாம், பேரிங் மெட்டல் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம், பம்ப்போ அதன் உறிஞ்சு குழாயோ கெட்டிருக்கலாம். கெட்டி ஆயில் ஊற்றினால் கேஜ் ஏறும், உண்மைதான். ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும். அதோடு கெட்டி ஆயில் ஸ்டார்ட் ஆனதும் டர்போ பேரிங்குக்குப் போய்ச்சேரத் தாமதமாகும்.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். டேஷ்போர்டு கேஜை நம்பாமல், மெயின் கேலரியில் (பேரிங்குகளுக்கு ஆயில் போகும் முக்கிய வழி) ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஸ்லோவிலும் ஓட்ட ஸ்பீடிலும் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இரண்டுக்கும் குறைந்தபட்ச அளவு கொடுத்திருப்பார்கள். அந்த எண் இல்லாமல் இந்தப் பேச்சு முழுக்க ஊகம்தான்.

ஃபில்டரை இடம் மாற்றுவதற்கு நான் எதிரி இல்லை. எட்டாத ஃபில்டர் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஒரு ஹெட்டும் இரண்டு ஹோஸும் என்று அதை முடித்துவிட முடியாது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயிலைச் சுற்றுவழியில் விட ஒரு பைபாஸ் வால்வு உண்டு. சில இன்ஜின்களில் அது ஃபில்டருக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் இன்ஜினில் உள்ள ஹெட்டில் இருக்கும். ஹெட்டைக் கழற்றிவிட்டு வெறும் தட்டு வைத்தால் அந்த வால்வும் சேர்ந்து போய்விடுகிறது. மரை பொருந்துகிறதே என்று கடையில் கிடைத்த ஃபில்டரை மாட்டினால் அதன் வால்வு எத்தனை பாரில் திறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கேஜ் விஷயமும் இருக்கிறது. வெளியே வைக்கும் ஹெட்டில் கேஜுக்கு ஒரு துளை இருக்கும். வசதியாக இருக்கிறதே என்று சென்சாரை அங்கே மாற்றிவிடுகிறார்கள். அந்தத் துளை ஃபில்டருக்கு முன்பக்கம் இருந்தால் அது காட்டுவது பம்ப்பின் பிரஷர். ஃபில்டர் அடைத்து கேலரி வறண்டு கிடந்தாலும் கேஜ் ஜம்மென்று 4 பார் காட்டும். சென்சாரும் அலாரம் ஸ்விட்சும் கம்பெனி வைத்த இடத்தில், கேலரியிலேயே இருக்கட்டும்.

நாகை_லாஞ்சு:

சீஃப் சார், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. மெக்கானிக்கல் கேஜ் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஜெட்டியில் கட்டிவைத்துக் கியர் போட்டுச் சூடாக்கிப் பார்க்கிறேன். ஹோஸ் எந்த மாதிரி எடுக்க வேண்டும்?

காசிமேடு_பட்டறை:

எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பர் ஹோஸும் நல்ல கிளிப்பும் போதும் என்றுதான் பலரும் போடுகிறார்கள். நான் கம்பி பின்னிய ஹைட்ராலிக் ஹோஸ், இரண்டு முனையும் பிரஸ் செய்து வாங்குவேன். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கிளிப்பை ஆயில் லைனில் நான் போடுவதில்லை.

தூத்தூர்_தங்கல்:

எங்கள் பக்கம் தூண்டில் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும். பைபாஸ் ஃபில்டர் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எங்களில் பலர் வைத்திருக்கிறோம்.

முதல் விஷயம், அதற்கு ஆயில் எடுக்கும் இடத்தில் ஒரு சிறு துளைத் தடை இருந்தே ஆக வேண்டும். 1.5 மிமீ துளை என்றால் 4 பார் பிரஷரில் நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவுக்குப் போகும். இன்ஜினுக்கு அது தெரியவே தெரியாது. சிலர் அந்தத் தடையைக் குப்பை என்று நினைத்துக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். 6 மிமீ குழாய் அப்படியே திறந்துகிடந்தால் துளையின் பரப்பு 16 மடங்கு. பேரிங் மெட்டலுக்குப் போக வேண்டிய ஆயில் நேரே சேம்பருக்கு, அதாவது இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, திரும்பும். ஸ்லோவில் பிரஷர் விழுவதற்கு அது ஒன்றே போதும். திரும்பும் லைனை யாரும் மிதிக்காத இடமாக, மடங்காமல் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, நீங்கள் 500 மணி நேரம் என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். பைபாஸ் ஃபில்டர் மிக நுண்ணிய கரியையும் தூளையும் பிடிக்கும், சாதாரண ஃபில்டர் கோட்டைவிடுவதையெல்லாம் பிடிக்கும். ஆயிலில் கலந்த டீசலைப் பிடிக்காது. அமிலத்தைப் பிடிக்காது. ஆயிலில் கலந்திருந்து தீர்ந்துபோன மருந்தை (அடிட்டிவ்) திரும்பப் போடாது. நாங்கள் தூண்டில் இழுக்கும்போது இன்ஜின் மணிக்கணக்கில் ஸ்லோவில் கிடக்கும். அப்போதுதான் டீசல் சரியாக எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். உங்கள் புத்தகத்தின் பின்பக்கம் கடும் உழைப்புக்குத் தனி அட்டவணை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், கூட்டச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு கேள்வி. உங்கள் ஆயில் குச்சியில் மட்டம் குறைகிறதா, அப்படியே நிற்கிறதா, ஏறுகிறதா?

நாகை_லாஞ்சு:

நல்ல கேள்வி அண்ணா. போன சீசன் முழுக்க டாப்-அப் ஊற்றவே இல்லை, மட்டம் குறையவே இல்லை என்று டிரைவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற_சீஃப்:

ஓடுகிற டர்போ இன்ஜின் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும். மட்டம் குறையவே இல்லை என்றால் வேறு எதுவோ உள்ளே வந்து அந்த இடத்தை நிரப்புகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். கூலரிலிருந்து தண்ணீர் வந்தால் பால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். டீசல் அப்படி இல்லை, சத்தமில்லாமல் வரும். சூடான இன்ஜினிலிருந்து ஒரு சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். ஆயில் மாற்றும்போது கடைசியில் வடிவதை எடுக்காதீர்கள், நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். 100 டிகிரியில் பாகுநிலை (ஆயிலின் கெட்டித்தன்மை), டீசல் கலப்பு, இரும்பு, ஈயம், செம்பு, சோடியம், இவற்றைக் கேளுங்கள்.

மூன்றாம்_இன்ஜினியர்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் இப்போது கப்பலில், பெரிய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் வேலை செய்கிறேன். கம்பெனி வழிகாட்டுதல் என்றால் அச்சிட்ட புத்தகம் மட்டும் இல்லை என்பதைச் சொல்லத் தோன்றியது.

2020 ஜனவரி 1 முதல் கப்பலின் எரிபொருள் எண்ணெயில் கந்தகம் 0.50 சதவீதம்தான் இருக்கலாம் என்று விதி வந்தது. அதற்குமுன் 3.50. கந்தகம் அதிகம் இருந்தபோது அமிலத்தை முறிக்க 70, 100 என்று பிஎன் (அமிலத்தை முறிக்கும் சக்தியின் எண்) கூடிய சிலிண்டர் ஆயில் ஓட்டினார்கள். புது எண்ணெய்க்கு 40 பிஎன் போதும் என்ற கணக்கில் பல கப்பல்கள் மாறின. ஓட்டிப் பார்த்தால் சில புதிய இன்ஜின்களில் பிஸ்டன் வளையங்களின் பள்ளத்தில் படிவு சேர்ந்தது. அமிலத்தை முறிப்பது ஒரு வேலை, வளையத்தைக் கழுவுவது இன்னொரு வேலை. பிஎன் குறைந்தபோது கழுவும் சக்தியும் சேர்ந்தே குறைந்துவிட்டது. தயாரிப்பாளர்கள் சர்வீஸ் லெட்டர் அனுப்பி, சுத்தப்படுத்தும் திறன் கூடிய ஆயிலுக்கு மாறச் சொன்னார்கள். இடையிடையே 100 பிஎன் ஓட்டி வளையங்களைக் கழுவச் சொன்னதும் உண்டு. சிலிண்டருக்கு ஆயில் ஊட்டும் அளவைக்கூட நாங்கள் மனம்போனபடி குறைப்பதில்லை. பிஸ்டனுக்கு அடியில் வடிகிற ஆயிலில் இரும்பும் மிச்ச பிஎன்னும் எவ்வளவு என்று பார்த்து, படிப்படியாகத்தான் இறக்குகிறோம்.

உங்கள் இன்ஜினுக்கும் அப்படி ஏதாவது சர்வீஸ் புல்லட்டின் வந்திருக்கும். இன்ஜின் சீரியல் நம்பரைச் சொல்லி டீலரிடம் கேளுங்கள்.

காசிமேடு_பட்டறை:

தங்கச்சி சொல்வது கப்பலுக்குச் சரி. இங்கே டீலரிடம் கேட்டால் பதிலே வராது. வந்தாலும் ‘மாற்றம் எதுவும் செய்யக் கூடாது, செய்தால் வாரண்டி போய்விடும்’ என்ற ஒற்றை வரிதான். வாரண்டி முடிந்து பல வருடம் ஆன படகுக்கு அது என்ன பதில்? புத்தகம் எழுதியவர் இன்ஜினைச் சுற்றி ஒரு மீட்டர் இடம் இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறார். எங்கள் படகு இன்ஜின் ரூமில் உட்காரவே முடியாது. சித்திரை வெயிலில் உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். நான் கம்பெனியைக் குறை சொல்லவில்லை. எங்கள் நிலைமைக்கு விடை அந்தப் புத்தகத்தில் இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற_சீஃப்:

அந்த வருத்தம் நியாயம்தான். ஆனால் வாரண்டி போய்விடும் என்பதும், இந்த அளவுக்குக் கீழே போகாதே என்பதும் ஒரே புத்தகத்தில் இருந்தாலும் ஒன்றல்ல. முதலாவது வியாபாரம். இரண்டாவது இன்ஜினைச் சோதனை மேடையில் சாய்த்து, சூடாக்கி, பட்டினி போட்டுக் கண்டுபிடித்த எண். அதை உங்கள் பட்டறையிலும் கண்டுபிடிக்க முடியாது, என் கப்பலிலும் முடியாது.

ஒரு கதை சொல்கிறேன், நடந்தது. 2019 மார்ச் 23, நார்வே கடற்கரையில் ஹுஸ்டாத்விகா என்ற இடம். பாறைகளும் ஆழமில்லாத கடலும். புயலில் வைகிங் ஸ்கை என்ற பயணிகள் கப்பல் அந்த வழியாகப் போகிறது, 1,300க்கும் மேற்பட்டோர் உள்ளே. கப்பலை ஓட்டும் மின்சாரம் தருகிற நான்கு ஜெனரேட்டரில் ஒன்று ஏற்கெனவே பழுது. மற்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே நின்றுபோயின. கப்பல் இருட்டாகி, பாறையை நோக்கி அடித்துக்கொண்டு போனது. நங்கூரம் போட்டார்கள். 400க்கும் மேற்பட்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். கடைசியில் இன்ஜின் ஓடவைத்துத் தப்பித்தார்கள்.

காரணம் என்ன? ஆயில் டாங்கில் மட்டம் 28 முதல் 40 சதவீதம். தயாரிப்பாளர் பரிந்துரைத்தது 68 முதல் 75. அமைதியான கடலில் அந்தக் குறைந்த மட்டத்திலும் எல்லாம் ஓடியது. அலை தூக்கிப் போட்டதும் ஆயில் ஒருபக்கம் சாய்ந்து, உறிஞ்சு குழாய் காற்றை இழுத்தது. பிரஷர் விழுந்தது, பாதுகாப்பு அமைப்பு இன்ஜினை நிறுத்தியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் படகில் இன்னொரு விஷயத்தை யாரும் கேட்கவில்லை: இன்ஜின் எத்தனை டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது? கப்பலுக்கு சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) விதி உண்டு. 15 டிகிரி நிலையான பக்கச் சாய்வு, 22.5 டிகிரி உருளல், முன்பின் 7.5 டிகிரி, அதுவரை முக்கிய இயந்திரங்கள் ஓட வேண்டும். மீன்பிடிப் படகில் அதைக் கணக்குப் பார்க்க ஆள் இல்லை. ஷாஃப்ட் சரிவுக்காக இன்ஜினைப் பின்பக்கம் சாய்த்துவைத்து, ஆயில் குச்சியில் மட்டும் லாரியின் பழைய கோட்டையே நம்புகிறார்கள். சாய்ந்த சேம்பரில் அந்தக் கோடு பொய் சொல்லும். புத்தகத்தில் உள்ள லிட்டர் கணக்குப்படி ஊற்றி, ஓட்டி நிறுத்தி, வடிந்து முடிந்தபின் குச்சியில் புதுக்கோடு போட வேண்டும்.

நீங்கள் வெளியே வைக்கும் ஃபில்டரும் ஹோஸும் கூடுதலாக ஆயில் பிடிக்கும். அதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

பழவேற்காடு_ஃபைபர்:

ஹோஸ் லைனில் இரண்டு பக்கமும் பால் வால்வு வைத்தால் ஃபில்டர் மாற்றும்போது ஒரு சொட்டு சிந்தாதே?

காசிமேடு_பட்டறை:

வேண்டவே வேண்டாம். அதிர்வில் கைப்பிடி நகரும், அல்லது மாற்றி முடித்தபின் திறக்க மறந்துவிடுவார்கள். ஆயில் நின்ற இன்ஜின் மெட்டலைப் பிடிக்க அதிக நேரம் எடுக்காது. ஹெட்டை ஃபில்டர் கீழ்நோக்கித் தொங்கும்படி வைத்து, அடியில் ஒரு தட்டு வையுங்கள், போதும்.

நாகை_லாஞ்சு:

தாமதத்துக்கு மன்னிக்கவும், எல்லாம் கைக்கு வந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தேன்.

மெக்கானிக்கல் கேஜில் சூடான ஸ்லோ 0.8 பார். புத்தகம் கேட்பது 1.0. ஓட்ட ஸ்பீடில் 3.1 வந்தது, அது வரம்புக்குள்தான், ஆனால் விளிம்பில்.

லேப் ரிப்போர்ட் வந்தது. 100 டிகிரியில் பாகுநிலை 10.9. புது 15டபிள்யூ-40 என்றால் 12.5க்குக் குறையவே கூடாதாம். டீசல் கலப்பு உறுதி. சோடியம் சாதாரணம், அதனால் உப்புத்தண்ணீர் இல்லை. ஈயம் கொஞ்சம் அதிகம். சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி பெஞ்சில் வைத்துப் பார்த்ததில் நான்காவதும் ஐந்தாவதும் ஸ்பிரே ஆகவில்லை, சொட்டின. நான்காவதைப் பிடித்துப் பார்த்தேன், முனையிலிருந்து டீசல் உருகிய மெழுகுபோலத் திரண்டு ஒவ்வொரு துளியாக விழுந்தது.

சீரியல் நம்பர் சொல்லி டீலருக்கு எழுதினேன். பட்டறை அண்ணன் சொன்ன ஒற்றை வரிதான் முதலில் வந்தது. சும்மா விடாமல், ஹெட்டில் உள்ள பைபாஸ் வால்வு எத்தனை பாரில் திறக்கும், ஹோஸின் உள்விட்டம் குறைந்தபட்சம் எவ்வளவு, சாய்வு எத்தனை டிகிரிவரை என்று தனித்தனியாக மறுபடி கேட்டேன். அதற்கு அவர்களுடைய சர்வீஸ் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்தார். இதே இன்ஜினின் ஜெனரேட்டர் வகைக்கு, ஃபில்டரை வெளியே வைக்க அவர்களே ஒரு கிட் வைத்திருக்கிறார்களாம், வால்வோடு. எங்கள் டீலருக்கே அது தெரியாது.

தூத்தூர்_தங்கல்:

ஈயம் அதிகம் என்றால் மெட்டலைப் பார்க்காமல் விடாதீர்கள். நீர்த்த ஆயிலில் எவ்வளவு காலம் ஓடியதோ.

நாகை_லாஞ்சு:

பார்த்தாகிவிட்டது அண்ணா. இன்ஜினைத் தூக்கிச் சேம்பரைக் கழற்றினோம். கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்ட் மெட்டல் இரண்டில் சாம்பல் பூச்சு போய்ச் செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது. கிராங்கில் கோடு விழவில்லை, மைக்ரோமீட்டரில் அளவும் வரம்புக்குள். மெட்டல் செட் முழுக்க மாற்றுகிறோம். நாசில் ஆறும் புதிது. ஆயில் அதே 15டபிள்யூ-40தான், 20டபிள்யூ-50 எண்ணத்தை விட்டாயிற்று.

காசிமேடு_பட்டறை:

நல்ல முடிவு தம்பி. ரிலீஃப் வால்வை அது உட்காரும் இடத்தோடு ஒருமுறை கழுவி, ஸ்பிரிங் நீளத்தை அளந்து பாருங்கள், வாஷர் இல்லாமல்தான். சீஃப் சொன்ன விளக்கத்துக்குப் பிறகு அந்த யோசனையை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. ஆனால் கிட் விஷயத்தில் ஒன்று: ஜெனரேட்டருக்குச் செய்த பிராக்கெட் படகு அதிர்வைத் தாங்காது. கனமான தகட்டில் புதிதாக அடியுங்கள். இன்ஜின் மேல் வைக்காமல் படகின் சட்டத்தில் வைத்தால், ஹோஸ் இரண்டு அதிர்வுக்கும் நடுவில் ஆடும், அதற்கு இடம் விட வேண்டும்.

ஓய்வுபெற்ற_சீஃப்:

பிராக்கெட் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள், அது அவர் நாள்தோறும் பார்க்கிற விஷயம். நான் சேர்ப்பது ஹோஸின் பாதை. டர்போவுக்கும் சைலன்சர் பைப்புக்கும் மேலாகவோ எதிராகவோ போகவே கூடாது. அங்கே ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஆயில் புகையாகத் தெளித்துத் தீப்பிடிக்கும். கப்பலில் 220 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடிய மேற்பரப்பை மூடியே வைக்கச் சொல்கிறது விதி. படகுக்கு விதி இல்லாவிட்டாலும் நெருப்பு ஒன்றுதான். வேறு வழியே இல்லாவிட்டால் நடுவில் ஒரு தகட்டு மறைப்பு.

பைபாஸ் ஃபில்டர் வைப்பதானால் வையுங்கள், ஆனால் இந்த சீசனில் வேண்டாம். முதலில் புது மெட்டலும் புது நாசிலும் என்ன பிரஷர் தருகின்றன என்று தெரியட்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

நாகை_லாஞ்சு:

சரி சார். ஆயில் மாற்றுவதை 500 மணி நேரமாக்கும் எண்ணத்தை விட்டாயிற்று, புத்தகத்தின் பின்பக்க அட்டவணையைப் பார்த்தால் எங்கள் இழுவைக்கு 200தான் வருகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவும் சொல்கிறார். முதல் ஸ்டார்ட்டில் புது ஹோஸும் ஃபில்டரும் காலியாக இருக்குமே, எப்படி நிரப்புவது?

காசிமேடு_பட்டறை:

ஃபில்டரில் சுத்தமான ஆயில் ஊற்றி நிரப்பி மாட்டுங்கள். ஊற்றுவது வெளி வட்டத் துளைகள் வழியாக, நடுத் துளையில் ஊற்றினால் வடிகட்டாத ஆயில் நேரே மெட்டலுக்குப் போகும். டர்போ லைனைக் கழற்றி அதிலும் கொஞ்சம் விடுங்கள். பிறகு டீசலை அடைத்துவிட்டு, மெக்கானிக்கல் கேஜில் முள் எழும்பும்வரை செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடியுங்கள். முள் எழுந்தபின் டீசலைத் திறந்தால் போதும். ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் கேஜைப் பார்க்கட்டும், ஒருவர் டார்ச்சோடு ஹோஸ் முனைகளைப் பார்க்கட்டும், மூன்றாவது ஆள் ஸ்டாப் நெம்புகோலில் கை வைத்திருக்கட்டும்.